பெயர் சொல்லாத ஜெப விண்ணப்பம்

சாமு,

கடிதம் என்றால் மேலே ஸ்தோத்திரம் போட்டு, தேவ கிருபையால் இங்கு அனைவரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அப்படித் தொடங்கிய இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த வரிகளை எழுதியதும் கை தானாக ஓடுகிறது. ஓடி முடித்தபின் பார்த்தால், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழகாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எட்வின் சொல்லவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனிடமும் என்னிடமும் மட்டும் நீ நம்பிச் சொன்ன விஷயத்தைச் சபைக்குள் கொண்டுபோனது நான்தான். உன் அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பூனாவிலிருந்து போன் பண்ணினாய். உன் கல்யாணத்துக்கு, நிர்மலா வீட்டார் போக, நம் பக்கம் யார் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். எட்வின் பெயரை நான் எடுத்ததும், "அவனை விட்டுடும்மா. மன்னிச்சாச்சு, அது முடிஞ்சுபோச்சு. ஆனா அன்னிக்கு அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது" என்றாய். நான் என்ன சொன்னேன்? "சரி கண்ணு" என்றேன். பேனாவால் அவன் பெயர் மேல் ஒரு கோடு போட்டேன். போனை வைத்த பிறகு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அடுப்பில் பருப்பு தீய்ந்து, உன் அப்பா வந்து அணைத்தார். இதைப் படித்த பிறகு கல்யாணத்தன்று கோயிலில் என்னை நீ எப்படிப் பார்ப்பாய், பார்ப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் இல்லாமல், அதுவும் நான் பண்ணிய காரியத்துக்காக அவன் இல்லாமல், உன் கல்யாணம் நடப்பதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா எழுதும் கடிதத்தில் நாலு நல்ல புத்தி இருக்க வேண்டும். எனக்கு எது நல்ல புத்தி என்பதே இப்போது குழப்பமாக இருக்கிறது. நல்ல வார்த்தைகளை எங்கே, எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அதிலிருந்து உனக்கு ஏதாவது தேறினால் எடுத்துக்கொள்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். பீன்யாவில் கார்மென்ட்ஸ் லைனில் சூப்பர்வைசர். முப்பது மிஷின் ஓடும் இரைச்சலில் கத்தாமல் பேசினால் எதிரே இருப்பவளுக்குக் காதில் விழாது. அதே தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவேன். அப்போதெல்லாம் சபை என்றால் எனக்கு கிறிஸ்துமஸும் ஈஸ்டரும்தான். தொண்ணூற்றொன்றில் ஆற்றுத் தண்ணீர்ப் பிரச்சினையில் ஊர் கலவரப்பட்டதே, வெளியே தமிழில் பேசவே பயந்தோமே, நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய், அந்த நாட்களில்தான் நம் சந்தில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் பெண்கள் கூடி ஜெபிக்க ஆரம்பித்தோம். அல்சூரில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. பயத்தில் போனேன், அவ்வளவுதான். கலவரம் அடங்கியது, கூட்டம் அடங்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்று நிலைத்துவிட்டது.

ஸ்டெல்லா அக்கா ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் பிடிக்காது என்று சொல்ல மாட்டார். "அந்தச் சகோதரிக்காக எனக்குள்ள ஒரு பாரம் இருக்கு" என்பார். அடேயப்பா, இப்படியும் பேசலாமா என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எனக்கு அந்தப் பாஷை வேண்டும் என்று ஆசை வந்தது. சீக்கிரமே கற்றுக்கொண்டேன். வர மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஆண்டவருக்குச் சித்தமானா வரேன்." உன் சித்தி கோரமங்களாவில் வீடு வாங்கியபோது என் வயிறு எரிந்ததே, அதை "அவங்க ஆசீர்வாதத்துக்காக ஸ்தோத்திரம் பண்றேன், பெருமை மட்டும் வந்துடக் கூடாதுன்னு ஜெபிச்சுக்கோங்க" என்று கண்ணை மூடிச் சொன்னேன். பதினோரு பேர் ஆமென் போட்டார்கள். சித்தியைத் திட்டிய மாதிரியும் ஆயிற்று, ஜெபித்த மாதிரியும் ஆயிற்று.

இதை வேலை செய்யும் இடத்திலும் பரீட்சை பண்ணிப் பார்த்தேன். காலர் கோணலாகத் தைத்த மஞ்சுளாவிடம் போய், அமைதியாக, சிரித்த முகத்தோடு, "பரவாயில்லம்மா, பொறுமையா பிரிச்சுத் தைச்சுக் கொடு" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலேயே வந்தாள். "மேடம், பழைய மாதிரி திட்டிடுங்க மேடம். நீங்க இப்படிப் பேசினா வேலையை விட்டே எடுக்கப் போறீங்களோன்னு பயமா இருக்கு" என்றாள். வீட்டில் வந்து இதைச் சொன்னபோது நீயும் அப்பாவும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குக் கோபமே வந்துவிட்டது. அன்றைக்கு அவள் சொன்னதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆனால் எல்லாம் வேஷம் என்று நான் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அதே சித்திக்கு ஆபரேஷன் என்று கேட்ட அன்று, வழக்கமான வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நிஜமாகவே அவளுக்காக அழுதேன். ஆஸ்பத்திரிக்கு நான்தான் பத்து நாள் சாப்பாடு கொண்டுபோனேன். வார்த்தை முதலில் வந்து குணம் பின்னால் வருமோ? சின்னப்பிள்ளை அர்த்தம் தெரியாமல் பேசிப் பேசிப் பிறகு தெரிந்துகொள்கிற மாதிரி? சில நாள் அப்படித்தான் என்று தோன்றுகிறது. சில நாள், வார்த்தை வந்துவிட்டதால்தான் குணம் வரவே இல்லை என்று தோன்றுகிறது. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இது புரியவில்லை, சாமு.

உன் அப்பா ஒருவர்தான் என்னை எச்சரித்தார். ஒரு நாள் பால் வாங்கப் போன இடத்தில் எட்வினின் அப்பா இவர் தோளில் கையைப் போட்டு, "இப்போ கோபமெல்லாம் குறைஞ்சிருக்கா பிரதர்? லேடீஸ் எல்லாம் உங்களுக்காக பாரத்தோட ஜெபிச்சாங்களாமே" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து பால் பாக்கெட்டை மேடையில் வைத்துவிட்டு அப்பா சொன்னார்: "என் பேரை இனிமே அங்க எடுக்காதே. ஆண்டவர்கிட்ட சொல்லணும்னா ஆண்டவர்கிட்ட சொல்லு. அவர் ஸ்டெல்லா அக்கா வீட்ல மட்டும்தான் இருக்காரா?" நான் விட்டேனா? "ஜெபத்துக்கு விரோதமாப் பேசாதீங்க" என்று அவர் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு பெயர் சொல்வதை மட்டும் நிறுத்தினேன். "ஒரு குடும்பத் தலைவர்", "ஒரு சகோதரி", "நமக்குத் தெரிஞ்ச ஒரு வாலிபப் பிள்ளை." எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். பெயர் சொல்லாவிட்டால் அது கோள் இல்லை, விண்ணப்பம் என்று நினைத்துக்கொண்டோம். யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூற்றொன்பதில் ஒரு சனிக்கிழமை. நீ பி.காம் கடைசி வருஷம். மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பெட்ஷீட்டின் இரண்டு முனையை நீ பிடித்திருந்தாய், இரண்டு முனையை நான். "அம்மா, ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது" என்றாய். நான் சரி என்றேன். "ஜெபம் பண்ணும்போது யாரும் கேக்குற மாதிரியே எனக்குத் தோணலம்மா. ரொம்ப நாளாவே இப்படித்தான். கண்ணை மூடிக்கிட்டு சும்மா நிக்கிறேன். கோயிலுக்குப் பாட்டுக்காகத்தான் வரேன். கீபோர்டுல கை வெச்சா மட்டும் ஏதோ இருக்கு. மத்தபடி ஒண்ணுமில்ல." பெட்ஷீட்டை மடித்துக்கொண்டே, "எட்வின்கிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். இப்ப உன்கிட்ட. நீ யார்கிட்டயும் சொல்லாதே" என்றாய். நான் கத்தவில்லை. உன் தலையில் கை வைத்து, "சொல்ல மாட்டேன் கண்ணு" என்றேன். அதைச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

பயந்துபோயிருந்தேன், அது நிஜம். என் பிள்ளை கையை விட்டுப் போகிறான் என்று நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை நடந்ததற்குப் பயம் மட்டும் காரணம் என்று எழுதினால் நான் மறுபடியும் தப்பித்துக்கொள்கிறேன். அந்த அறையில் ஒருத்தியின் கணவனுக்குத் தொண்டையில் கட்டி, இன்னொருத்தியின் மகள் வாழாமல் வந்துவிட்டாள். ஒவ்வொருவரும் சொல்லும்போது மற்றவர்கள் கையைப் பிடித்து அழுவார்கள். என் முறை வந்தால் வாராவாரம் கால்வலிதான். கால்வலிக்கு யார் அழுவார்கள்? அன்றைக்கு என்னிடம் ஒன்று இருந்தது. "நம்ம சபையில சங்கீத ஊழியம் செய்யுற ஒரு வாலிபப் பிள்ளை விசுவாசத்துல தளர்ந்துபோயிருக்கான். அவனைப் பெத்தவ படற வேதனையை நினைச்சு பாரமா ஜெபிச்சுக்கோங்க" என்றேன். சபையில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளை உன்னை விட்டால் யார்? ஸ்டெல்லா அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். பதினோரு பேரும் என்னைச் சுற்றி நின்று என் தலையிலும் தோளிலும் கை வைத்து அழுதார்கள். என் வாழ்க்கையில் எனக்காக அத்தனை பேர் அழுதது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது சாமு. எழுதவே வெட்கமாக இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆராதனை முடிந்து கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த உன்னை ஸ்டெல்லா அக்காவும் இரண்டு பெரியவர்களும் சுற்றிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார்கள். "தளர்ந்துபோன இந்தப் பிள்ளையை" என்ற வார்த்தை மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்டது. நீ கையில் உறையோடு அப்படியே நின்றாய். உன் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன். அடுத்த வாரம் பாடகர் குழுத் தலைவர், கொஞ்ச நாள் ஓய்வெடு தம்பி என்று உன்னிடமிருந்து கீபோர்டை வாங்கிக்கொண்டார். கீபோர்டில் கை வைத்தால் மட்டும் ஏதோ இருக்கிறது என்று சொன்ன பிள்ளையிடமிருந்து அதையும் பிடுங்கினோம். பிடுங்கினேன்.

இதோடு நின்றிருந்தால்கூட, பயந்துபோன ஒரு அம்மாவின் உளறல் என்று தள்ளிவிடலாம். அன்று மத்தியானம் நீ சமையலறை வாசலில் வந்து நின்று, "எட்வின்தானேம்மா சொல்லியிருக்கான்?" என்று கேட்டாயே. இல்லை, நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் அது வரவில்லை. நான் கற்ற பாஷைதான் வந்தது. "யாரா இருந்தா என்ன கண்ணு? நாம மன்னிச்சுடணும். மனசுல கசப்பை வெச்சுக்கக் கூடாது. அவனைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லிடு, உனக்கே சமாதானமா இருக்கும்." எவ்வளவு இதமாகச் சொன்னேன் தெரியுமா? ஸ்டெல்லா அக்கா கேட்டிருந்தால் மெச்சியிருப்பார். உன் முகம் இறுகியது. சரிம்மா என்றாய். என் பேச்சைக் கேட்டாய், பாவி நான்.

அடுத்த ஞாயிறு கோயில் காம்பவுண்டில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில், நீ எட்வினிடம் போய், "உன்னை மன்னிச்சுட்டேன்டா. ஆனா இனிமே எங்கிட்ட பேசாதே" என்றாய். நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அவன் உன்னைப் பார்க்கவில்லை. உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். அப்போதே அவனுக்குத் தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவன் அம்மா அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. அவன் வாயைத் திறக்கப் போகிறான், முடிந்தது என் கதை என்று நின்றேன். அவன் "சரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அதற்கு ஸ்தோத்திரம் வேறு சொன்னேன்.

மூன்று மாதத்தில் நீ பூனா போய்விட்டாய். கிறிஸ்துமஸுக்கு வருவாய், கோயிலுக்கு வர மாட்டாய். நீங்கள் இரண்டு பேரும் சண்டே ஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள், சாமு. எனக்குத் தெரிந்து உனக்கு அவனைப் போல வேறு சிநேகிதன் இல்லை. ஏழு வருஷமும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், பிள்ளை நாலு நாள் இருக்கிறானே, கெடுப்பானேன் என்று விட்டுவிடுவேன்.

இந்தச் சனிக்கிழமை எட்வினைப் பார்க்கப் போனேன். அவன் இப்போது அத்திபெலேயில், எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பஸ்ஸில் வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன்: தாழ்மையோடு, உடைந்த உள்ளத்தோடு, இப்படியெல்லாம். கடை வாசலில் என்னைப் பார்த்ததும், "இன்னா ஆன்ட்டி, இவ்ளோ தூரம்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. "டேய், தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன். அழுதுவிட்டேன். அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"எங்கம்மா அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொல்ட்டாங்க ஆன்ட்டி" என்றான்.

"அப்புறம் ஏண்டா அவன்கிட்ட வாயைத் திறக்கல?"

"அவன் ஊர் மேலயே கோவமா இருந்தான். உங்க பேரையும் சொல்லிட்டா அப்புறம் வீட்டுக்குக்கூட வர மாட்டான்னு தோணுச்சு. எனக்கு அப்போ அவ்ளோதான் தெரிஞ்சுது." காப்பர் கம்பி ஒன்றை எடுத்துக் கையில் சுற்றினான். பிறகு, "நல்ல பையன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. என்னை மன்னிச்சுட்டேன்னு வந்து நின்னான் பாருங்க, அதை நெனச்சா இன்னிக்கும் பத்திக்கினு எரியுது. நான் இன்னா பண்ணேன், என்னை மன்னிக்க?" என்றான்.

கல்யாணத்துக்கு வா என்று கெஞ்சினேன். "நீங்க கூப்பிட்டா வர மாட்டேன். அவனுக்கு விஷயம் தெரியணும். தெரிஞ்சு அவனே கூப்பிடணும். இல்லேன்னா வேணாம் ஆன்ட்டி" என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தான். நான் குடித்து முடிக்கும் வரை மோட்டாரைத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் இப்போது கோயிலுக்குப் போகிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. தாழ்மை, நீடிய பொறுமை என்று நான் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம் இவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் செய்திருக்கிறான். கோபத்தோடு வேறு செய்திருக்கிறான். கோபமும் பொறுமையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியானால் நான் கற்றது என்ன?

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. மறுநாள் ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, நடந்ததை எல்லாம் அறிக்கையிட்டுவிடலாம் என்று. மனசு லேசாகிவிட்டது. மடிவாளா தாண்டும்போதுதான் உறைத்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு தாழ்மை பார் என்று என் கையைப் பிடிப்பார்கள். உன் கதை இரண்டாவது தடவை சபைக்குப் போகும். சீ என்று ஆகிவிட்டது. இது உனக்கும் அவனுக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும்தான். அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். "அவனுக்கு எழுது" என்றார்.

கடவுள் கேட்கிற மாதிரித் தோன்றவில்லை என்று நீ மாடியில் சொன்னதுதான் நம் வீட்டில் யாரும் பேசிய பேச்சிலேயே நேர்மையானதோ என்று இப்போது நினைக்கிறேன். அதே சமயம் உனக்காக இன்றைக்கும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன், விட முடியவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. நிர்மலாவோடு வாழும்போது கோபம் வந்தால் கோபம் என்றே சொல். பொறாமை வந்தால் பொறாமை என்றே சொல். அவள் ஒன்றை நம்பிச் சொன்னால் அதை ஜெபத்தில்கூட வாய்விட்டுச் சொல்லாதே. இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கு வாய் கிடையாது.

எட்வினை நீ கூப்பிடு. இன்றைக்கே கூப்பிடு. என்னை என்ன செய்வது என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். கல்யாணத்தில் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். என்னை மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. மறந்துவிடவில்லை, வேண்டும் என்றுதான் எழுதவில்லை. செய்யாத ஒருவனிடம் போய் மன்னித்தேன் என்று சொல்லும்படி அந்த வார்த்தையை உன் வாயில் திணித்தவள் நான். இனி அதை உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. சமாதானமாகப் பேச வேண்டும் என்று காத்திருக்காதே. கோபம் தீராமலே போன் பண்ணு. நன்றாகக் கத்து. நான் போனை வைக்க மாட்டேன்.

அம்மா